காற்றில் நடக்கும் கிட்: ஓர் இன்ஜின் மெக்கானிக்கின் மதிப்பீடு

நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல், வயரிங் வேலைக்குப் போடும் பிவிசி குழாய்களைக் கொண்டு காற்றிலேயே நடக்கும் பெரிய கடற்கரை விலங்குகளைச் செய்துவருகிறார். மோட்டார், டீசல் எதுவும் கிடையாது. அவற்றைப் பார்த்துச் செய்த, நாமே பாகங்களைப் பூட்டிக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. மகளுக்காக 650 ரூபாய்க்கு வாங்கினேன். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் படகு இன்ஜின் வேலை பார்ப்பவன் நான். அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

கால் அமைப்பு அபாரம். காற்றாடி சுற்றும் வேகத்தைப் பல்சக்கரம் குறைத்து, கிராங்க் என்னும் வளைந்த தண்டைத் திருப்புகிறது. கிராங்க் இழுக்க இழுக்கக் கால்கள் மாறி மாறி ஊன்றுகின்றன. உடம்பு குதிக்காமல் ஒரே மட்டத்தில் போகிறது. எல்லாம் குச்சிகளின் நீள விகிதம் செய்யும் வேலை. இயற்பியல் படித்த யான்சன், விதவிதமான நீளங்களைக் கணினியில் போட்டியிடவிட்டு அந்த விகிதத்தைக் கண்டெடுத்தார். அளவுகளை ஒளித்து வைக்காமல் வெளியிட்டும்விட்டார்.

குறைகளும் உண்டு. எனக்கு வந்த பெட்டியில் குச்சிகளை இணைக்கும் பின் ஒன்று இல்லை. விற்றவர் பதிலே போடவில்லை. சைக்கிள் கம்பியை வெட்டிப் போட்டேன். வீட்டுச் சிமெண்ட் தரையில் நன்றாக நடக்கிறது. கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்கம் கொண்டுபோனோம். காய்ந்த மணலில் கால் புதைந்து நின்றுவிட்டது. ஈர மணலில் சில அடி நடந்தது, அப்புறம் பல்சக்கரத்தில் மணல் ஏறிவிட்டது. நல்ல தண்ணீரில் உடனே கழுவுங்கள். பாதம் இன்னும் அகலமாக இருந்திருக்க வேண்டும்.

“இதுக்கு எங்கப்பா டீசல் ஊத்துறது?” என்று மகள் கேட்டாள். இயந்திரம் என்றால் எதையாவது குடித்துத்தான் ஓடும் என்று அவள் மனதில் பதிந்திருக்கிறது. பாய் கட்டி ஓடிய வத்தைப் படகுகளுக்கு இன்ஜின் பூட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதில் வருத்தம் இல்லை. எதிர்காற்றில் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தவர்களின் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று டீசலுக்குக் காசில்லாத நாளில், காற்று நன்றாக அடித்தும் வத்தை கரையிலேயே கிடக்கிறது. பாய் கட்டத் தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள். எரிக்காமல் ஓடும் இயந்திரத்தைக் கண் முன்னால் நடக்கவிட்டு, நாம் எதைக் கைவிட்டோம் என்று யான்சன் யோசிக்க வைக்கிறார். உயரும் கடலிலிருந்து ஊரைக் காக்க மணலை வாரி மேடுகட்டும் விலங்குகள் என்பதுதான் அவருடைய முதல் கற்பனை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த எங்களுக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை.

வாங்கலாமா? வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும். விளக்கத்தாளில் படங்கள் மட்டும்தான், அதுவும் பொடிப்பொடியாக. மணலில் ஓட வேண்டும் என்றால் இதை மாதிரியாக வைத்துக்கொண்டு பெரிதாகச் செய்வதுதான் வழி. ராமநாதபுரம் ஹார்டுவேர் கடையிலிருந்து குழாய் வாங்கி வந்துவிட்டேன். முதல் காலுக்கான குழாயை மகளோடு சேர்ந்து அறுத்துக்கொண்டிருக்கிறேன்.