வாரத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டிய குளிசையைத் தினமும் கொடுத்த பாமசி: வெள்ளவத்தைப் பக்கம் மருந்து வாங்குவோர் கவனத்துக்கு

காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையிலுள்ள ஒரு பாமசியில் என் மாமிக்கு நேர்ந்ததை, அதே கடையிலோ அதைப் போன்ற கடைகளிலோ மருந்து வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

மாமிக்கு மூட்டுவாதம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் வைத்தியர் அவருக்குப் புதிதாக மெதோட்ரெக்சேட் என்ற மருந்தைத் தொடங்கி, 2.5 மில்லிகிராம் குளிசை மூன்றை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும்படி ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். அன்று வைத்தியசாலையில் அந்த மருந்து இருப்பில் இல்லாததால், வழமைபோல் வெளியே வாங்கச் சொன்னார்கள். பாமசியில் நின்ற பையன் வைத்தியரின் மருந்துத் துண்டை வாங்கிப் பார்த்தான். "அம்மா, இரவில மூண்டு போடுங்கோ" என்று சொல்லிக் குளிசைகளை எண்ணிக் கொடுத்துவிட்டான். வாரத்துக்கு என்று வைத்தியர் எழுதிய சொல் துண்டில் தெளிவாகவே இருக்கிறது. அதன் பிரதி என்னிடம் உண்டு.

அவன் கொடுத்த காகித உறையையும் பத்திரப்படுத்தியுள்ளேன். காலை, பகல், இரவு என்று சிங்களத்தில் அச்சிட்ட மூன்று கட்டங்கள், அவற்றில் இரவுக்குரிய கட்டத்தில் நீலப் பேனையால் ஒரு 3, அவ்வளவுதான். கிழமையை எழுதுவதற்கு அந்த உறையில் இடமேயில்லை. மருந்தின் பெயரும் இல்லை. தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த மாமி, பையன் வாயால் சொன்னதையே நம்பி ஒவ்வொரு இரவும் மூன்று குளிசை எடுத்தார்.

துண்டின்படி ஒரு மாதத்துக்குத் தேவையானவை பன்னிரண்டு குளிசைகள். கடை கொடுத்ததும் காசு வாங்கியதும் தொண்ணூறுக்கு. மருந்தியல் படித்த ஒருவர் அந்த மேசையில் நின்றிருந்தால், தொண்ணூறு மெதோட்ரெக்சேட் குளிசைகளை எண்ணத் தொடங்கும்போதே கை நின்றிருக்கும். ஏனெனில் மூட்டுவாதத்துக்கு இம்மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கப்படுவது அத்துறையில் யாரும் அறிந்த விடயம். தினமும் எடுத்தால் அது எலும்பு மச்சையின் இரத்த உற்பத்தியை அடக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தத் தவறு உலகெங்கும் திரும்பத் திரும்ப நடப்பதனால்தான், ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019ஆம் ஆண்டில் இம்மருந்தின் பெட்டியில் வாரத்துக்கு ஒருமுறை என்ற எச்சரிக்கை தெளிவாக இருக்க வேண்டும் என்பது உட்படப் பல நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது.

ஒரு வாரம் கழிவதற்குள் மாமியின் வாய் முழுவதும் புண்ணாகிக் கஞ்சிகூட விழுங்க முடியாத நிலை வந்தது. பின்னர் காய்ச்சலும் தொடங்கியது. இரத்தப் பரிசோதனையில் வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. உடனே வார்டில் அனுமதித்து, மெதோட்ரெக்சேட்டை நிறுத்தி, அதன் நச்சுத்தன்மைக்கு முறிமருந்தாகப் போலினிக் அமிலம் ஏற்றினார்கள். நல்ல வேளையாக அவர் தேறிவிட்டார்.

நான் பாமசிக்குப் போய் மருந்தாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, "மிஸ் பின்னேரம்தான் வருவா" என்றார்கள். பின்னேரம் போனேன், அப்போதும் அவர் இல்லை. அவருடைய பெயருடன் கூடிய சான்றிதழ் மட்டும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முதலாளியோ, "துண்டில இருக்கிறதைத்தான் தம்பி குடுத்தவர்" என்று சாதித்தார். துண்டின் பிரதியைக் காட்டியதும், மிச்சக் குளிசைகளைக் கொண்டுவந்தால் காசைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பற்றுச்சீட்டைக் கேட்டதற்கு மெஷின் பழுது என்றார். (மெஷின் பழுதானாலும் கையால் எழுதிக் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல.) 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மாமி வார்டிலிருந்து வெளியேறும்போது மருந்து கொடுத்த வைத்தியசாலை மருந்தாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் தொழிலில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். வீட்டில் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்க, மாமி கைப்பையிலிருந்து டைக்ளோபெனக் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். முழங்கால் வலிக்கு என்று அதே பாமசி துண்டே இல்லாமல் கொடுத்தது அது. அவ்வகை வலி நிவாரணிகள் சிறுநீரகத்தின் வழியாக மெதோட்ரெக்சேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று விளக்கிய அவர், அங்கேயே வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து அதை நிறுத்தச் செய்தார். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமொக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதினால் மெதோட்ரெக்சேட் எடுத்ததை மறக்காமல் சொல்லும்படியும், அவ்விரண்டும் சேர்வது மிக ஆபத்தானது என்றும் கூறினார். பின்னர் ஒவ்வொரு உறையிலும் மருந்தின் பெயரையும் நேரத்தையும் தமிழில் பெரிதாக எழுதி, மாமியைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வரிசை நீண்டிருந்தது, ஆனாலும் அவர் அவசரப்படவில்லை.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாமசிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. துண்டின் பிரதி, உறை, இரத்தப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றுடன் அங்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்துள்ளேன். பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டதை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவித்தேன். இதே அனுபவம் உடையவர்கள் உறைகளை வீசிவிடாமல் வைத்துக்கொண்டு, தனித்தனியாக முறைப்பாடு செய்தால் விசாரணைக்கு வலுச் சேரும்.

உங்கள் வீட்டில் மூட்டுவாதத்துக்கோ சொரியாசிசுக்கோ மெதோட்ரெக்சேட் எடுப்பவர் இருந்தால், இன்றே உறையையும் துண்டையும் பக்கத்தில் வைத்துக் கிழமை எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தினமும் எடுத்துவந்தது தெரியவந்தால், அல்லது வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக் கசிவு இருந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திராமல் அன்றே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.