லேபல் இல்லாத நீலப் போத்தல்

காலையில் எழும்பி லைட்டைப் போட்டால், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகள் ஆறும் மணலில் மல்லாந்து கிடந்தன. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால் இரண்டும் வெளிறிப்போய் ஃபில்டர் வாயில் சிக்கியிருந்தன. ஒரு துறவி நண்டு ஓட்டை விட்டு வெளியே வந்து செத்திருந்தது. நீமோ மீன் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பாட்டுக்கு மேலே வந்து நின்றன. முதல் நாள் இரவு நான் தொட்டிக்குள் விட்டது, கடை அண்ணன் தந்த லேபல் இல்லாத நீலத் தண்ணீர், மூடி அளவில் மூன்று.

கொழும்பில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பாசியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. செய்த வேலையைச் சொன்னால் போதும், அப்படிப்பட்ட கடையை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை தொடங்கினேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் ஹோலில் மூன்றடித் தொட்டி, 160 லீற்றர் அளவு. புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியா நைட்ரைட்டாகி, அது நைட்ரேட்டாக மாற பக்டீரியா வளர வேண்டும், அதற்கு நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அது தெரிந்த கடைக்காரரும் சொல்லவில்லை. "மூண்டாம் நாளே மீன் விடலாம் தம்பி" என்று ஒரு பக்டீரியா போத்தலையும் சேர்த்துத் தந்தார். அதில் திகதி இருந்த இடம் சுரண்டியிருந்தது. சரி, அது முதல் போத்தல்.

மூன்றாம் கிழமை மணல், கல், கண்ணாடி எல்லாவற்றிலும் மண்ணிறத் தூள் படிந்தது. விரலால் தொட்டாலே கலைந்து போகும். இது டயட்டம் என்ற நுண்பாசி. தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும், அது தீர்ந்ததும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இதற்கும் ஒரு போத்தல் விற்றார். அது என்னவென்று இன்றுவரை தெரியாது. டயட்டம் போனது, மருந்தால் போனது என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் அடுத்த போத்தலையும் வாங்க வைத்தது.

ஆறாம் கிழமை பச்சைப் பாசி. தலைமயிர் மாதிரி நீளமாக, கல் முழுக்க. டெஸ்ட் கிட் போட்டுப் பார்த்தால் நைட்ரேட் பூச்சியம்! தண்ணீர் சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் நைட்ரேட்டைப் பாசி உறிஞ்சிக்கொண்டிருந்தது, அதனால்தான் தண்ணீரில் காட்டவில்லை. என் பிழையும் இருக்கிறது, மறைக்கவில்லை. தொட்டி வைத்த இடத்தில் பின்னேர வெயில் நேராக அடிக்கும். அதற்கு மேல் லைட்டும் பன்னிரண்டு மணித்தியாலம் எரியும். வருகிற ஆட்களுக்கு அழகாகத் தெரிய வேண்டாமா?

ஆனால் பாசிக்குப் பெரிய தீனி வந்தது தண்ணீர்க் கானில். கொழும்புச் சூட்டில் தண்ணீர் 30 பாகைக்கு மேல் போகாமல் ஃபேன் பூட்டியிருந்தேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கிவிடும், ஆகவே நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஆர்ஓ தண்ணீர், அதாவது சவ்வால் வடித்துப் பாசிக்குத் தீனியாகும் உப்புகளை எடுத்த தண்ணீர் என்று 20 லீற்றர் கானை 400 ரூபாய்க்கு அவரிடமே வாங்கினேன். உப்புக் கரைத்ததும் அந்தத் தண்ணீரில்தான். தெஹிவளையில் இருக்கும் நண்பன் ஒருநாள் தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும், பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீற்றர் கொண்டு வந்தான். நல்ல ஆர்ஓ தண்ணீரில் அது மிகக் குறைந்த எண்ணைக் காட்ட வேண்டும், மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ வடிகட்டியும் சேர்ந்திருந்தால் பூச்சியத்துக்குக் கிட்ட. கானில் 58. குசினிப் பைப்பில் பிடித்த கோப்பையில் 57. வீட்டுக்கு வருகிற அதே பைப் தண்ணீருக்குத்தான் நான் 400 ரூபாய் கட்டி, மாடிப்படியில் தூக்கிக்கொண்டும் வந்திருக்கிறேன்.

அந்த மீற்றர் ஒரு கிழமை பிந்தி வந்தது. அதற்குள் நீலப் போத்தல் வந்துவிட்டது.

"அண்ணன், இதில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கொம்பனி ரகசியம் தம்பி. மூண்டு மூடி விடுங்கோ, ரெண்டு நாளில கல்லு வெள்ளை வெளேரெண்டு வரும்."

"நத்தை, இறாலுக்குப் பிரச்சினை இல்லையோ?"

"ஒண்டும் செய்யாது. நானும் என்ர தொட்டிக்கு இதைத்தான் விடுறன்."

2,800 ரூபாய். பில்லில் எழுதியிருந்தது 'மீன் சாமான்' என்று மட்டும்.

நத்தைகள் செத்த அன்றைக்கு பின்னேரம், மேல் மாடியில் இருக்கும் ரீச்சரிடம் போத்தலைக் கொண்டுபோனேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர். அடுத்த நாள் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒரு சின்னக் குப்பியில் அமோனியாக் கரைசல் கொண்டுவந்தார். நீலத் தண்ணீரில் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்துத் துளித்துளியாக விட்டார். முதலில் வெளிர் நீலத்தில் தயிர் திரிந்த மாதிரி ஒரு வீழ்படிவு. இன்னும் விட, அது கரைந்து, பேனா மை போல் கடும் நீலமாக மாறியது. "செம்பு இருக்கு. அனேகமா மயில்துத்தம், அதுதான் கொப்பர் சல்பேட், கரைச்சது" என்றார். நானும் உயர்தரத்தில் இதே பரிசோதனையைச் செய்து புள்ளி வாங்கியவன்தான், வெட்கமாக இருந்தது.

செம்பு பாசியைக் கொல்லும், உண்மைதான். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தாலும் தனித் தொட்டியில் அளவாக விடுவார்கள், மீன் தாங்கும். நத்தை, இறால், நண்டு, பவளம் போன்ற முள்ளந்தண்டிலிகள் தாங்காது. அதோடு முடியாது. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும். செத்த பாசி அழுகி, தின்ற நைட்ரேட், பொஸ்பேட் எல்லாவற்றையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். பத்து நாளில் எனக்குத் தண்ணீர் நாறியது, பாசியும் திரும்ப முளைத்தது.

போத்தலோடு கடைக்குப் போனேன். "உப்பைப் பிழையாக் கலக்கியிருப்பீங்கள்" என்றார். என் தொட்டியில் அடர்த்தி எப்போதும் 1.025, கடல்நீரின் அளவுதான். சொன்னேன், மீற்றரையும் அவருடைய கானிலேயே வைத்துக் காட்டினேன். அந்த மெஷின் பழுது என்றார். கடையில் நின்ற பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அடித்து முறையிடலாம். ஆனால் 'மீன் சாமான்' என்ற பில்லை வைத்து எந்தப் போத்தலை அவர் விற்றார் என்று எப்படி நிரூபிப்பது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி கேட்டால் பில் தரத்தான் வேண்டும். பொருளின் பெயரை எழுதவைத்து, உங்கள் கண்முன்னே வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தப் போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கல், மணல் எல்லாவற்றையும் எறிந்துவிட்டேன். நீமோ இரண்டும் தெஹிவளை நண்பன் வீட்டில் இருந்தன. சின்ன ஆர்ஓ மெஷின் ஒன்றைக் குசினிப் பைப்பில் பூட்டி, தொட்டியை வெயில் படாத சுவருக்கு மாற்றி, லைட்டை ஏழு மணித்தியாலமாகக் குறைத்து மறுபடி தொடங்கினேன். மூன்றாம் கிழமை அதே மண்ணிறத் தூள் வந்தது. "கடைக்குப் போகேல்லையோ?" என்று அம்மா கேட்டார். போகவில்லை. பழைய பல்துலக்கியால் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு, கிழமைக்கு ஒருமுறை பத்து வீதம் தண்ணீர் மாற்றினேன், அவ்வளவுதான். இப்போது நாலு நத்தை விட்டிருக்கிறேன். மிச்சமிருந்த தூளில் அவை இரவில் மேய்ந்த வழி, காலையில் கண்ணாடியில் வளைந்து வளைந்து தெரிகிறது.