விக்கா வட்டமா, ஷுவார் அம்பா, வார இறுதி முரசா?

சக்தி சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இங்கிலாந்தில் உருவான புதிய மாந்திரீக வழிபாடான விக்காவையும், ஆவிகளின் துணையோடு வைத்தியம் பார்க்கும் அமேசான் ஷாமனையும் ஒன்றாகக் கலந்து பரிமாறுகிறார்கள். படிகக் கல் ஒரு பக்கம், முரசு ஒரு பக்கம், நடுவில் ஊதுவத்தி. இரண்டும் 'எனர்ஜி'யோடு வேலை செய்வதுதானே என்பார்கள். செய்முறையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், இந்த இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் சண்டை வந்துவிடும் என்றே தோன்றுகிறது.

விக்காவை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1900-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஆங்கிலேய இளைஞர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. 1735-ஆம் ஆண்டின் மாந்திரீகச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டபின், தன் வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். அவர் கணக்குப்படி சக்தி மனித உடம்புக்குள்ளேயே இருக்கிறது. 9 அடி விட்டத்தில் கத்தியால் ஒரு வட்டம் போடுகிறார்கள். பழைய மந்திரவாதி பேய் உள்ளே வராமலிருக்க வட்டம் போட்டான். இவர்கள் உள்ளே எழுப்பியது வெளியே சிதறாமலிருக்கப் போடுகிறார்கள். கைகோத்துச் சுற்றி ஆடி, பாடி, வேகம் உச்சத்துக்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மனத்தில் இருக்கும் குறியை நோக்கி அதை விட்டுவிடுவார்கள். 'சக்திக் கூம்பு' என்பது இதுதான். அப்புறம் உள்ளங்கையைத் தரையில் வைத்து மிச்சத்தை இறக்குவதும் உண்டு, கேக்கும் ஒயினும் உண்டு.

உடம்பிலிருந்து எடுத்தால் உடம்பு காலியாகும் அல்லவா? 1940-ல் ஹிட்லர் கடலைக் கடந்து வரக்கூடாது என்று நியூ ஃபாரஸ்ட் காட்டில் கூம்பு எழுப்பினார்கள், உயிர்ச்சக்தியைக் கொட்டிய முதியவர்கள் சிலர் அதற்குப்பின் இறந்தே போனார்கள் என்பது கார்ட்னர் சொன்ன கதை. நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். ஆனால் அவருடைய தர்க்கம் அங்கே துல்லியமாகத் தெரிகிறது.

ஈக்வடாரின் கிழக்கே, ஆண்டிஸ் மலை இறங்கிக் காடு தொடங்கும் இடத்தில் வாழும் ஷுவார் மக்களிடம் இந்தத் தர்க்கத்துக்கு இடமே இல்லை. அங்கே வைத்தியர் 'உவிஷின்'. உடம்பில் சக்தி குறைந்ததால் நோய் வருகிறது என்று அவர் சொல்ல மாட்டார். யாரோ ஒரு எதிரி உவிஷின் எய்த, கண்ணுக்குத் தெரியாத அம்பு உள்ளே தைத்திருக்கிறது என்பார். அம்பின் பெயர் 'சென்ட்சாக்'. அது ஒரு ஆவித் துணை, உயிருள்ளது, கைமாறக்கூடியது.

1950-களில் அவர்களோடு தங்கிய மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர் பதிவு செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கற்க வருபவர் குருவுக்குப் பெறுமதியான பரிசு கொடுத்து சென்ட்சாக்கை வாங்குகிறார். குரு அயஹுவாஸ்கா என்ற, காட்டுக்கொடியில் செய்யும் மனமயக்கப் பானத்தைக் குடித்து, ஒளிரும் பொருள் ஒன்றை வாந்தியெடுத்து, அதில் ஒரு துண்டை வெட்டுக்கத்தியால் நறுக்கிக் கொடுப்பார். சீடர் விழுங்க வேண்டும். வயிற்றுவலியோடு 10 நாள் படுக்கை, பல மாதம் பிரம்மச்சரியம். ஒரு மாதம் கழிந்ததும் முதல் அம்பு வாய்க்கு ஏறி வரும், கூடவே யாரையாவது அடித்துப் பார்க்கும் வெறியும் வரும். எய்துவிட்டால் அவர் ஏவல் செய்பவர். அடக்கிக்கொண்டு மறுபடி விழுங்கினால் வைத்தியர். இரண்டு பேருக்கும் சரக்கு ஒன்றுதான்.

சிகிச்சை இருட்டில் நடக்கும். புகையிலைச் சாறு வாயிலிருக்க, வலிக்கும் இடத்தில் வாய் வைத்து உறிஞ்சி, ஒரு சிறு பொருளைத் துப்பிக் குடும்பத்துக்குக் காட்டுவார். அதை முன்கூட்டியே வாயில் ஒளித்து வைத்திருப்பார். அப்படியென்றால் ஏமாற்றா? உவிஷினைப் பொறுத்தவரை இல்லை. உண்மையான அம்பை எடுத்தாயிற்று, அது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது, பார்ப்பவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டும். நம்மூரில் குழந்தைக்குத் தொக்கம் எடுப்பவர்களையும், இடுமருந்து எடுப்பவர்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

மூன்றாவது வகை, அதே ஹார்னர் அமெரிக்கா திரும்பிய பின் உருவாக்கிய பயிலரங்கு ஷாமனிசம். 1980-லிருந்து பரவியது. பானம் கிடையாது, நொடிக்கு நாலு முதல் ஏழு அடி என்ற சீரான முரசொலி, கண்ணை மூடிப் பயணம், தனக்கான துணை விலங்கைச் சந்திப்பது. வழிமுறை எளிது, யாரும் செய்யலாம். எனக்கு இதில்தான் மனத்தாங்கல். நோய்க்குப் பின்னால் பக்கத்து ஊர்ப் பகை இருக்கிறது, குணமாக்கும் கையே கொல்லவும் கூடும் என்பதுதான் ஷுவார் முறையின் முதுகெலும்பு. அதைக் கழற்றிவிட்டு முரசை மட்டும் எடுத்து வந்தால், கிடைப்பது ஒரு நல்ல ஓய்வு.

சோதனை என்று வந்தால், உடம்பைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர முடியும் என்கிற தரப்புதான் மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அதைச் சுலபமாகச் சோதிக்கலாம். 'தெரப்யூடிக் டச்' என்ற செவிலியர் முறையை எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி சோதித்தாள். நடுவில் தடுப்பு, தங்கள் எந்தக் கைக்கு அருகே அவள் கை இருக்கிறது என்று அந்த முறையைச் செய்யும் 21 பேர் சொல்ல வேண்டும். 280 முறையில் 44 சதவீதம்தான் சரி. காசு சுண்டிச் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஷுவார் அம்பை இப்படிப் பிடிக்க முடியாது, அது அதன் வசதி.

மனத்தைத் திரட்டிக்கொள்ள நண்பர்களோடு ஒரு சடங்கு போதும் என்பவருக்கு விக்கா வட்டம் சரி. கார்ட்னர் வழிக் குழுக்களில் கற்றுத்தருவதற்குக் காசு வாங்கும் வழக்கமும் இல்லை. ஒரு சமூகம் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று அறிய நினைப்பவருக்கு உவிஷின்தான், படிப்பதற்கு. நேரில் போய்க் குடிப்பதற்கு அல்ல. அயஹுவாஸ்கா கொடியில் உள்ள ஹார்மின், உடம்பில் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை சாப்பிடுகிறவர் இதைக் குடித்தால் செரட்டோனின் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போவதும் ஆபத்து, அதை மருத்துவரிடம் பேசாமல் செய்யக்கூடாது.