டிரிகரை லேசாக்கித் தந்தார்கள், சேஃப்டியைச் சோதிக்கவில்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குளிர்கால வேட்டைக்கு முன் டிரிகர் வேலைக்கு ரைபிள் கொடுத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போய் வாங்குங்கள். பட்டறையின் பெயர் வேண்டாம், செய்த வேலையைப் பார்ப்போம்.

ரைபிள் பழைய மவுசர் 98. "வேலை முடிந்தது" என்று திரும்பி வந்தபோது டிரிகர் வெண்ணெயாக இருந்தது. ஆனால் சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை) போட்டு, டிரிகரை ஒருமுறை இழுத்து விட்டு, சேஃப்டியை எடுத்ததும் விரல் படாமலே ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) பாய்ந்தது. தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்பதால் 'டிக்' என்ற சத்தத்தோடு போயிற்று. கேட்டதற்கு, "சேஃப்டி போட்டிருக்கும்போது டிரிகரை யார் அண்ணே இழுப்பாங்க?" என்று பதில். முள் கிளை இழுக்கும், கையுறை இழுக்கும், பேக்கி (பிக்கப்) வண்டியில் படுத்துக் கிடக்கும் தோள்வாரும் இழுக்கும்.

கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. மவுசரில் சேஃப்டியைத் திருப்பினால் அது ஃபயரிங் பின்னின் வால்பகுதியைச் சியரிலிருந்து (டிரிகர் இழுக்கும்வரை பின்னைப் பிடித்து நிறுத்தும் கொக்கியிலிருந்து) சற்றே பின்னுக்குத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது டிரிகரை இழுத்தால் சியர் கீழே இறங்கும்; விட்டதும் ஸ்பிரிங் அதை மேலே தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்த வேண்டும். இங்கே இழுவையைக் குறைக்க ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டியிருக்கிறார்கள். தள்ள வலு இல்லை, சியர் பாதியில் நின்றுவிடுகிறது. சேஃப்டியை எடுத்ததும் பின்னைத் தாங்க எதுவும் இல்லை. போதாததற்குச் சேஃப்டியின் சரிவையும் அராவியிருந்ததால் தூக்கும் அளவு குறைந்து, சியர் திரும்பி ஏறவும் இடமில்லை.

இதைவிட மோசமானது சியரின் முகத்தைக் கல்லில் தேய்ப்பது. அதன் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. தோலைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே மென்மையான எஃகு. கவுண்டரில் அருமையாக வேலை செய்யும். சுடச் சுட விளிம்பு மழுங்கி, ஒரு நாள் தானாக நழுவும். அப்படித் தேய்த்ததற்கு மாற்றுப் பாகம்தான் வழி, திருகைச் சரிசெய்து பயனில்லை.

இனி வாங்கும்போது செய்ய வேண்டியது. மேகசினைக் காலி செய்யுங்கள், போல்ட்டை (சேம்பரை மூடும் கைப்பிடித் தண்டை) பின்னிழுத்து சேம்பரில் விரலை விட்டுப் பாருங்கள், நீங்கள் சோதிக்கும் இடத்தில் தோட்டாவே இருக்கக் கூடாது. ரைபிளின் மரக்கட்டையின் திருகுகள் முறுக்கப்பட்ட நிலையிலேயே சோதியுங்கள். திருகு இறுகும்போது டிரிகர் மரத்தில் உரசுவது சகஜம், வெறும் இரும்பாகப் பார்த்தால் அது தெரியாது.

முதலில் மேலே சொன்ன சோதனை: சேஃப்டி போடு, டிரிகரை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தி இழு, விடு, சேஃப்டியை எடு. ஃபயரிங் பின் பாயக் கூடாது. பிறகு டிரிகரை இழுத்தால்தான் பாய வேண்டும். பத்து முறை. மவுசரின் சிறகு வடிவ சேஃப்டிக்கு மூன்று நிலை உண்டு. நேரே நிற்கும் நடு நிலையிலும் வலப்பக்க நிலையிலும் தனித்தனியே செய்யுங்கள். சேஃப்டியை மெதுவாக, பாதி வழியில் நிறுத்தியும் பாருங்கள்.

அடுத்து போல்ட்டை வேகமாக அறைந்து மூடுங்கள், இருபது முறை. ஃபயரிங் பின்னின் வால் பின்பக்கமே நிற்க வேண்டும். ஒருமுறை அது போல்ட்டோடு முன்னுக்குப் போனாலும் சியர் பிடிமானம் போதவில்லை என்று அர்த்தம். பிறகு சேஃப்டி எடுத்த நிலையில் ரப்பர் சுத்தியலால் கட்டையின் அடியிலும் இரு பக்கமும் தட்டுங்கள். அமெரிக்கத் துப்பாக்கி உற்பத்தியாளர் அமைப்பான சாமியின் (SAAMI) தரத்தில் இதற்கான சோதனை 12 அங்குல உயரத்திலிருந்து 1 அங்குல ரப்பர் பாய்மேல் விழச் செய்வது. தொலைநோக்கி பொருத்திய ரைபிளை வீட்டில் அப்படிப் போட வேண்டாம், சுத்தியல் போதும்.

டிரிகரை இழுக்கத் தேவையான எடையைத் தராசுக் கொக்கியில் ஐந்து முறை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வேட்டை ரைபிளுக்கு 1.4 முதல் 1.8 கிலோ சுகமான அளவு. ஐந்தும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால் உள்ளே ஏதோ உரசுகிறது. ஒரு கிலோவுக்கும் கீழ் இறக்கிக் கேட்பவர்கள் மேசையிலிருந்து சுடுபவர்களாக இருக்கட்டும், புதருக்குள் நடப்பவர்களுக்கு அது வேண்டாம்.

திருகைப் பூட்டும் பசையையும் கேளுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் போனால் டிரிகர் உள்ளே ஊறி ஒட்டிக்கொள்ளும். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் தன் 700, செவன் மாடல்களில் எக்ஸ்-மார்க் புரோ டிரிகர் உள்ளவற்றைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இப்படி அதிகமாகப் போன பசைதான். ஆலைக்கே நடந்தது. டிரிகருக்குள் எண்ணெய் ஊற்றுவதும் அதே வகைத் தவறு; புழுதியோடு சேர்ந்து பிசினாகும்.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேலைக்கு 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) உரிமம் வேண்டும். காட்டச் சொல்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது; 57-ஆம் பிரிவின்படி பழுதுபார்ப்பில் பொருத்திய புதுப் பாகத்துக்கும் அதைப் பொருத்திய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. இந்த ரைபிளோடு பழைய ஸ்பிரிங் திரும்பி வரவில்லை. புது ஸ்பிரிங் என்று கூலி வாங்கியது, வெட்டிய பழையதுக்குத்தான்.