ஜப்பானியரை மணந்தபின்: வேலை விசாவிலேயே இருப்பதா, துணைவர் விசாவுக்கு மாறுவதா?

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர் ஒருவர் ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டால், வாழ்த்து சொன்ன கையோடு எல்லாரும் கேட்பது, "விசாவை மாத்தியாச்சா?" மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. திருமணம் வார்டு அலுவலகத்தில் பதிவாகும். துணையின் கோசெகியில், அதாவது குடும்பப் பதிவேட்டில், உங்கள் பெயர் ஒரு குறிப்பாக ஏறும். ஜைர்யூ கார்டில், அதாவது வெளிநாட்டவருக்கான வதிவிட அட்டையில், இருக்கும் வேலை விசா அது பாட்டுக்கு இருக்கும்.

அப்புறம் ஏன் மாறுகிறார்கள்? சுதந்திரத்துக்காகத்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 'கிஜின்கொகு' விசாவில் பட்டப்படிப்புக்கோ அனுபவத்துக்கோ பொருந்தும் அலுவலக வேலைதான் செய்யலாம். வார இறுதியில் ஓட்டல் கல்லாவில் உட்காரக்கூடத் தனி அனுமதி வேண்டும். துணைவர் விசாவில் இந்தத் தொல்லை இல்லை. கணினி வேலை, கடை, பகுதி நேரம், சும்மா வீட்டில் இருப்பது, எதுவும் சரி.

சொந்தத் தொழில் ஆசை இருந்தால் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தொழில் நடத்துவோருக்கான விசாவுக்கு முன்பு 50 லட்சம் யென் முதலீடு போதும். 2025 அக்டோபரில் அதை 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டார்கள். துணைவர் விசாக்காரருக்கு இந்த நிபந்தனையே கிடையாது. கையில் இருக்கிற காசுக்கு ஒரு சின்ன இட்லிக் கடை போட்டுப் பார்க்கலாம்.

காகித வேலையில் வேலை விசா சுகம். பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனம் என்றால் ஆவணங்கள் கொஞ்சம்தான், பாதியை அலுவலகமே பார்த்துக்கொள்ளும். துணைவர் விசாவுக்கு கோசெகி நகல், வரிச் சான்று, துணையின் உத்தரவாதக் கடிதம், சேர்ந்து எடுத்த படங்கள் என்று சேர்க்க வேண்டும். கூடவே எட்டுப் பக்கக் கேள்வித்தாள் ஒன்று. எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தது, எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்... சம்பந்தம் பேச வரும் ஊர்ப் பெரியம்மாகூட இவ்வளவு குடைய மாட்டார். போலித் திருமணங்களைப் பிடிக்கத்தான் இது என்று தெரியும். இருந்தாலும் முதல் சந்திப்பைத் தேதிவாரியாக எழுத உட்காரும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

எது அறுந்தால் விசா ஆட்டம் காணும் என்பதையும் பார்க்க வேண்டும். வேலை போய், தக்க காரணமின்றி மூன்று மாதம் அந்த வகை வேலை செய்யாமல் இருந்தால் வேலை விசாவை ரத்து செய்ய இடமுண்டு. துணைவர் விசாவில் வேலை போனால் அப்படி ஒரு கெடு இல்லை. புதுப்பிக்கும்போது வீட்டு வருமானத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவே. ஆனால் மணமுறிவு வந்தால் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி ஆறு மாதம் தம்பதியாக வாழாவிட்டால் அந்த விசாவுக்கு ஆபத்து. வேலை விசாக்காரரை மணமுறிவு தொடாது. கல்யாணமான புதிதில் இதைப் பேசுவது அபசகுனம் போலத் தோன்றும். ஆனால் நீங்கள் நாட்டில் இருப்பதே ஒரு உறவின் மீது நிற்கும்போது, சண்டையில் யார் கை ஓங்கும் என்பதும் மாறிவிடும்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது நிரந்தர வதிவிடத்தைத்தான். சாதாரணமாகப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். ஜப்பானியரின் துணைக்கு, உண்மையான மணவாழ்வு மூன்று வருடமும் ஜப்பானில் தொடர்ந்து ஒரு வருடமும் போதும். இந்தச் சலுகைக்காகவே அவசரமாக விசா மாற்றுகிறார்கள். சலுகை திருமணத்துக்குத்தான், விசாவின் பெயருக்கு அல்ல; வேலை விசாவில் இருந்துகொண்டே இதைக் கேட்கலாம். எந்த வழியில் போனாலும் வரி, பென்ஷன், மருத்துவக் காப்பீடு கட்டியதில் தாமதம் இருக்கக் கூடாது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. நிரந்தர வதிவிடம் கேட்கும்போது கையில் நீண்ட கால விசா இருக்க வேண்டும். புதிதாகத் துணைவர் விசாவுக்கு மாறுகிறவர்களுக்கு முதலில் ஒரு வருடம்தான் கிடைப்பது வழக்கம். அதை வைத்து விண்ணப்பிக்க முடியாது. ஐந்து வருட வேலை விசாவைக் கொடுத்துவிட்டு ஒரு வருட விசாவை வாங்கி வருவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. வேலை பிடித்திருந்தால் அப்படியே இருந்து, மூன்றாவது கல்யாண நாள் தாண்டியதும் நேராக விண்ணப்பித்துவிடலாம். இட்லிக் கடைக்காரர் மட்டும் இப்போதே மாறட்டும்.