பணத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுதிக்கொடுத்த ஜிம்மில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டேன்

நேற்று மாலை அந்த இடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதமாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது இரண்டு மாதச் சம்பளம். வேறு யாரும் இப்படி ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டு யாரும் தனிச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்லமாட்டேன். பல கிளைகள் உள்ள ஒரு ஜிம். சுவர் முழுக்க 'முன்', 'பின்' படங்கள். உடல் கொழுப்பை அளக்கும் இயந்திரம் ஒன்றை நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி சாமி சிலைபோல நிறுத்திவைத்திருப்பார்கள்.

எனக்கு 46 வயது. போன முறை ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால் சர்க்கரை நோய். டாக்டர் பயமுறுத்தவில்லை. "வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்க, எடையில ஏழு சதவீதம் குறைங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். 2002-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், எல்லைக்கோட்டில் இருந்து இப்படி நடந்து எடையைக் குறைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னார். என் எடை 74 கிலோ. ஏழு சதவீதம் என்றால் ஐந்து கிலோ சொச்சம். அதற்குத் தேவை ஒரு ஜோடி நல்ல காலணி மட்டும்தான். ஆனால் காசு கேட்காமல் சொன்ன யோசனைக்கு என் மனதில் மதிப்பு இல்லை போலிருக்கிறது. மறுவாரமே ஜிம் வாசலில் நின்றேன்.

சும்மா விசாரித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அங்கே ஒரு பயிற்சியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும். விலைப் பட்டியலை எடுக்கவே இல்லை. என் செருப்பைக் கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "வலது குதிகால் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. மாடி இறங்கும்போது வலது முட்டி வலிக்குமே மேடம்?" என்றார். வலிக்கும். ஒரு வருடமாக வலிக்கிறது. வீட்டில்கூட யாரும் கேட்டதில்லை. அதன்பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு. "இதுவரைக்கும் எடை குறையாதது உங்க தப்பு இல்ல, சரியா அளந்து சொல்ல ஆள் இல்லாததுதான்" என்றபோது கண்ணே கலங்கிவிட்டது. இப்போது எழுதும்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு தேய்ந்த செருப்புக்கு இரண்டு மாதச் சம்பளம்!

அப்புறம் இயந்திரத்தில் ஏற்றினார். ஒரு சீட்டு வந்தது: உடல் கொழுப்பு 36.4 சதவீதம். 12 வாரத் திட்டம், தனிப் பயிற்சி, உணவு அட்டவணை, புரதப் பொடி. கொழுப்பு அளவு ஆறு புள்ளி குறையாவிட்டால் முழுப் பணமும் வாபஸ் என்று முத்திரை குத்திய காகிதம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றரை மாதச் சம்பளம் திட்டத்துக்கு, அரை மாதச் சம்பளம் பொடி டப்பாக்களுக்கு. அன்றே கட்டினேன். "இன்னிக்குக் கட்டினாதான் இந்த விலை" என்றார்கள், வேறென்ன!

முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்தது. தலைகால் புரியவில்லை. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டும்போது, உடலில் கிளைகோஜனாகச் சேமித்திருந்த சர்க்கரை கரையும், அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் சேர்ந்து போகும், கிலோ கணக்கில் இறங்குவதில் பெரும்பங்கு அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. என் தோழி ஒருத்தியிடம் பெருமையடித்து, சில வாரத்தில் அவளையும் சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எடை அசையவே இல்லை. ஆனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் சீட்டு மட்டும் அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. 33, 31, கடைசியில் 29.1. "எடையைப் பார்க்காதீங்க மேடம், கொழுப்பு போய் தசை ஏறுது" என்று கைதட்டினார்கள், ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். பழைய சுடிதார் இடுப்பில் அதே இறுக்கம்தான். அதைச் சொன்னால், "துணி சுருங்கியிருக்கும்" என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

12 வாரம் முடிந்து ரத்தப் பரிசோதனை. 6.1. அப்படியே இருக்கிறது. சரி, ஆய்வகத்தில் ஏதோ தவறு என்று அதையும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். என் மகள்தான் சீட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, மூணு மாசத்துல நாலு சென்டிமீட்டர் வளர்ந்துட்டியா?"

முதல் சீட்டில் உயரம் 156. இரண்டாவதில் 158. கடைசிச் சீட்டில் 160. அதோடு முதல் சீட்டில் 'சாதாரணம்' என்று இருந்த இடத்தில், பிந்தைய சீட்டுகளில் 'விளையாட்டு வீரர்' என்று இருந்தது.

இந்த இயந்திரம் கொழுப்பை நேரில் பார்ப்பதில்லை. பாதம் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, உடல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையோடு உயரம், எடை, வயது, பாலினம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடும். அதாவது, இயந்திரத்தில் தட்டுகிற உயரத்தைக் கூட்டினால் கொழுப்பு தானாகக் குறையும். விளையாட்டு வீரர் என்று தேர்ந்தெடுத்தால் சூத்திரமே வேறு, இன்னும் குறையும். உடற்பயிற்சி முடிந்து வியர்த்து உடல் சூடாக இருக்கும்போது ஏறினால் அதற்கும் குறையும். முதல் தடவை என்னைப் பயிற்சிக்கு முன்னால் அளந்தார்கள், மற்ற எல்லாத் தடவையும் பயிற்சி முடிந்த கையோடு. கடைசிச் சீட்டை நம்பினால், எனக்குக் கொழுப்பு ஆறு கிலோ போய், தசையும் மற்றதும் நாலு கிலோ ஏறியிருக்க வேண்டும். 46 வயதில், அரை வயிற்றோடு, 12 வாரத்தில்! எந்தப் பயில்வானுக்கும் நடக்காது.

பணம் வாபஸ் உத்தரவாதம் அவர்களுடைய சீட்டை வைத்துத்தான். அந்தச் சீட்டு அவர்கள் கையில். நான் கையெழுத்துப் போட்டது இதற்குத்தான்.

அடுத்து மூன்று வாரம் அலைந்தேன். வரவேற்பில் இருந்த பெண், "மெஷின் பொய் சொல்லாது மேடம்" என்றாள். மெஷின் சொல்லவில்லையம்மா, அதில் தட்டியவர்தான் சொன்னார். அந்தப் பயிற்சியாளரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. மேலாளர் முதலில் கூட்டத்தில் இருந்தார், பிறகு விடுப்பில் இருந்தார், பிறகு தொலைபேசியில் வந்து, "நீங்க அட்டவணைப்படி சாப்பிட்டிருக்கமாட்டீங்க" என்றார். நான் உயரத்தைப் பற்றிக் கேட்கிறேன், அவர் என் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். "தட்டச்சுப் பிழையா இருக்கும்" என்றார். சரி, இரண்டு முறை பிழை, இரண்டு முறையும் உங்களுக்குச் சாதகமாகவா? மின்னஞ்சலுக்கு வந்த பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். கடைசியாக ஒரு சலுகை கொடுத்தார்கள். என் 'பின்' படத்தைச் சுவரில் மாட்ட அனுமதித்தால் நாலு வாரம் இலவசப் பயிற்சியாம்.

நேற்று நேரில் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். "பயிற்சிக்கு முன்னாடி, 156 சென்டிமீட்டர்னு போட்டு, சாதாரணம்னு வெச்சு, என் கண் முன்னாடி ஒரு தடவை அளங்க. அதிலயும் ஆறு புள்ளி குறைஞ்சிருந்தா பேசாம போயிடறேன்." இயந்திரம் பழுது, ஆள் வரவேண்டும் என்றார்கள். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நிற்கிறார். சீட்டும் வந்தது. இரண்டு மாதச் சம்பளம் கொடுத்தவளை முகத்துக்கு நேராக இப்படி அனுப்புகிறார்கள்.

எச்சரிக்கை என்று பெரிதாக எழுத நினைத்தேன், முடியவில்லை, தலை வலிக்கிறது. சீட்டு கொடுத்தால் கொழுப்பை விட்டுவிட்டு முதலில் உயரம், வயது, எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பாருங்கள். அளந்தால் எப்போதும் ஒரே நேரத்தில், பயிற்சிக்கு முன். வீட்டில் ஒரு அளவு நாடா வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பை அளக்க அது போதும். உத்தரவாதம் கொடுப்பவரே அளப்பவராகவும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். திறந்த பொடி டப்பாவை எவனும் திருப்பி எடுக்கமாட்டான், மூன்று டப்பா சமையலறையில் இருக்கிறது.

என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த தோழிக்கு இது ஒன்பதாவது வாரம். போன வாரம்தான் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், கீழே ஏழெட்டுக் கைதட்டும் பொம்மைகளோடு. அதில் அவள் உயரம் என்ன போட்டிருக்கிறது என்று இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் என்னைவிடக் குட்டை. அவளைக் கூப்பிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.