டேப் ஒட்டிய புத்தகங்கள்: நான்கு வருடச் சிரிப்புச் சாகச அனுபவம்

பையனுக்கு எட்டு வயதில் வாங்க ஆரம்பித்தேன். இப்போது பன்னிரண்டு ஆகிறது. இதற்குள் முப்பது சிரிப்புச் சாகசப் புத்தகங்களாவது வீட்டுக்குள் வந்திருக்கும். வந்த வாரத்தில் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரிந்தன. இன்றைக்கு அலமாரியைப் பார்த்தால் ஏழெட்டுக்கு மட்டும் முதுகு பிய்ந்து, மூலை மடிந்து, அட்டைக்கு டேப் ஒட்டியிருக்கிறது. மீதியெல்லாம் வாங்கிய அன்றிருந்த பளபளப்பு குலையாமல் நிற்கின்றன. நான் மார்க் போடுவது அந்த டேப்பை வைத்துத்தான்.

முதலில் வந்தது டேவ் பில்கியின் ‘கேப்டன் அண்டர்பேண்ட்ஸ்’. 1997-ல் தொடங்கி 2015 வரை 12 பாகங்கள். இரண்டு பையன்கள் தங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கே ஹிப்னாடிசம் செய்துவிட, அவர் ஜட்டியும் முதுகுத் துணியுமாக உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுகிறார். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் பட்டியலில், அதிக எதிர்ப்பைச் சம்பாதித்த புத்தகமாக 2012, 2013 இரண்டு வருடமும் முதலிடம் இதற்குத்தான். நானும் முகத்தைச் சுளித்தவன்தான். ஆனால் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். சண்டைக் காட்சி வந்தால், ஒரே தாளை முன்னும் பின்னும் படபடவென்று புரட்டினால் படம் அசைகிற மாதிரி அதில் அமைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் படிக்கவே நெளிகிற பையன், அரை மணி நேரம் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம், இவர்கள் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே, அதற்காக முந்தைய அத்தியாயத்துக்குப் போய்ப் படித்தான். நான் படி என்று சொல்லாமல் அவன் படித்த முதல் அத்தியாயம் அதுதான்.

பில்கிக்குச் சின்ன வயதிலேயே வாசிப்புச் சிரமமும் ஓரிடத்தில் உட்கார முடியாத சிக்கலும் உண்டு. வகுப்பை விட்டு வராந்தாவுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே உட்கார்ந்து வரைந்த ஆள்தான் இந்த ஜட்டி வீரன். அத்தியாயங்கள் ஏன் அவ்வளவு குட்டியாக இருக்கின்றன என்பது அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

(டேப்லெட்டில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்தத் தாள் புரட்டும் வித்தை திரையில் செத்துவிடுகிறது.)

இரண்டாம் வருடம் சூடு பட்டேன். ஒரு தொடரின் பத்துப் பாகங்களை மொத்தமாக வாங்கினேன், பெயர் வேண்டாம். முதல் பாகத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்தான், மூன்றாவதுக்குப் புன்னகை. ஐந்தாவதைப் பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அடுத்து என்ன ஜோக்குன்னு எனக்கே தெரியுதுப்பா” என்றான். போதாக்குறைக்குப் பைண்டிங் விட்டு நடுப்பக்கங்கள் கையோடு வந்தன. அந்தக் கதைகளில் ஹீரோவுக்கு இழக்க எதுவுமே கிடையாது. ஏப்பம், சாக்கடை, விழுவது, மறுபடி ஏப்பம். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாத இடத்தில் ஜோக் ஒரு தடவைதான் வெடிக்கிறது.

டேப் ஒட்டியவை எல்லாவற்றிலும் அந்தப் பயம் இருக்கிறது. அதோடு, ஹீரோ தன் திட்டத்தை நூறு சதவீதம் நம்புகிறான். இதை எனக்குக் காட்டியது நான் சற்றும் எதிர்பார்க்காத பழைய புத்தகம்: ரிச்மல் க்ராம்ப்டனின் ‘ஜஸ்ட் வில்லியம்’, 1922. முதல் வில்லியம் கதைகள் பெரியவர்கள் படிக்கும் பத்திரிகைகளுக்கு எழுதப்பட்டவை. அதனால் சொற்கள் கடினம், வாக்கியங்கள் நீளம். தனியாகப் படிக்கக் கொடுத்தபோது இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிட்டான். சரி என்று ராத்திரியில் நான் வாய்விட்டுப் படித்தேன். பதினொரு வயது வில்லியம் ஒருவருக்கு உதவப் போவான், நியாயமாகத்தான் யோசிப்பான், ஒவ்வொரு அடியும் சரியாக இருக்கும், முடிவில் வீடே தலைகீழாகிவிடும். நாலாவது ராத்திரி பையன் சொன்னான்: “இவன் காமெடி பண்றதா நினைக்கவே மாட்டேங்கிறான், அதான் சிரிப்பு வருது.” இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

ஆண்டி கிரிஃபித்ஸ் எழுதி டெர்ரி டென்டன் படம் வரைந்த மரவீட்டுத் தொடரும் தாக்குப்பிடித்தது. 2011-ல் 13 மாடியோடு ஆரம்பித்து, புத்தகத்துக்கு 13 மாடி ஏறி, 2023-ல் 169-ல் முடிந்தது. மரவீட்டில் குடியிருக்கும் இரண்டு நண்பர்கள் தங்கள் புத்தகத்தைக் கெடு தேதிக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்ற ஒரே தலைவலிதான் அங்கே கதையை ஓட்டுகிறது. அத்தனை கிறுக்குத்தனமும் அந்தத் தலைவலிக்குக் குறுக்கே வந்து விழுவதால் சலிக்கவில்லை. இதன் தயவில் 13-ஆம் வாய்ப்பாடு அவனுக்குத் தலைகீழ்ப் பாடம், 14 தெரியாது.

பக்க விளைவு இல்லாமல் இல்லை. ஆசிரியரை ராட்சதக் கழிவறையாக வரைந்து நோட்டில் காமிக்ஸ் போட்டான், பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போய்த் தலைகுனிந்து நின்றேன். வாங்கி வந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது.

பையன்களுக்கானது என்று அட்டையிலும் விளம்பரத்திலும் போடுவதை நான் இப்போது கண்டுகொள்வதில்லை. டேப் ஒட்டியதில் மூன்றைக் கிழித்தது அவனுடைய தங்கைதான்.

அவன் இப்போது தடித்தடியான மாயாஜால நாவல்களுக்குப் போய்விட்டான். போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டேன். முதல் ஜட்டி வீரனைக் கேட்டான். மடியில் வைத்துக்கொண்டு, சண்டைக் காட்சிக்கு நாலு பக்கம் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்திருந்தான்.